விடாத புகை

நாற்பத்திரண்டு மீட்டர் ஏறினால்
மணலி தெரியும், சடையங்குப்பம் தெரியும்,
கொசஸ்தலை ஆறு சாம்பல் பூசிக்கொண்டு
கடலைத் தேடுவதும் தெரியும்.
நான் ஏறுவது பார்ப்பதற்கல்ல.
புகைபோக்கியின் விலாவில் ஒரு கருவி.
அதன் கண்ணாடியைத் துடைக்க,
அது பொய் சொல்லாதபடி பார்த்துக்கொள்ள
மாதம் பதினெட்டாயிரம், பிடித்தம் போக.

போன வருஷம் வரை
புகைக்கு விலை இல்லை.
அபராதம் என்று ஒன்று இருந்தது,
தீபாவளி இனாம் மாதிரி.
'இதர செலவு' என்று எழுதி முடித்துவிடுவார்கள்.
இப்போது கிலோ கணக்கு.
ஆலைக்கு இத்தனை கிலோ தூசு என்று சீட்டு.
மிஞ்சினால் வாங்கு,
மிச்சம் பிடித்தால் வில்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஏலம்.
கணக்குப் பிரிவே திரைமுன் நிற்கும்,
கடைசி ஓவர் போல.
காசிமேட்டில் வஞ்சிரம் ஏலம் கேட்டு வளர்ந்தவள் நான்,
கூச்சல் புதிதில்லை.
கூடையில்தான் எதுவும் இல்லை.

பதினோரு வருஷமாய் "பார்க்கலாம்" என்றிருந்த
ஃபிரடெரிக் சாரின் வடிகட்டிப் பைகள்
ஒரே காலாண்டில் லாரியில் வந்து இறங்கின.
மனச்சாட்சி என்று சொல்ல மாட்டேன்,
கால்குலேட்டர்.
ஆனாலும்
நூற்று நாற்பதில் ஓடிய எண்
முப்பத்தொன்றுக்கு இறங்கிய இரவில்
அந்த இரும்பு மேடையில் தனியாய் நின்று
கைதட்டினேன். மறைப்பானேன்.

எர்ணாவூர் திருப்பத்தில்
குளோரி அக்காவின் இஸ்திரி வண்டி.
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள்.
மடிப்பதற்குள் காலரில் விழும்,
மிளகுத்தூள் மாதிரி.
உதறினால் போகாது, தேய்த்தால் கறை.
திரும்ப அலசித் தரச்
சட்டைக்கு நாலு ரூபாய், அவள் கைக்காசு.

"இப்பக் குறைஞ்சிருக்கணுமே அக்கா."

"மேற்கால இருந்து வர்றது குறைஞ்சிதான் கீது.
இப்ப வடக்கால இருந்து வருது."

நாங்கள் மிச்சம் பிடித்த
இரண்டாயிரத்து இருநூறு கிலோவை
வடக்கே ஓர் உருக்காலை வாங்கியிருந்தது.
முறைப்படிதான். ரசீது உண்டு.
மொத்தக் கணக்கு இறங்கித்தான் இருக்கிறது,
வரைபடம் பார்த்தேன், நல்ல இறக்கம்.
காற்றுக்கு மட்டும் மொத்தம் தெரியாது.
அது தெருத்தெருவாய்ப் போகும்.

இதையெல்லாம் சொல்லச் சொல்ல
பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்.
கேஸில் ஓடும் புதுப் பெட்டி.
மகளிர் குழுக் கடன்,
மானியம் போக மாதம் முந்நூற்றெண்பது.
கரிப்பெட்டிக் காலத்தில்
எதிர்வீட்டு ஷமீமா ஜன்னலைத் திறந்ததே இல்லை.
இப்போது அதில் ஒரு துளசித் தொட்டியளவு டப்பாவில்
புதினா வளர்கிறது.

"அப்ப நான் விடாத பொகை கீதே,
ஒன்றரை வருசமா,
அத்த யாராண்ட விக்கிறது?"

வேடிக்கைக்குக் கேட்கவில்லை.
கிலோ என்ன விலை போகிறது என்றும் கேட்டாள்.
துணிக்கணக்கு எழுதும் அட்டையின் பின்பக்கம்
கூட்ட ஆரம்பித்தோம்.
நாளைக்கு மூன்று கிலோ கரி,
ஞாயிறு விடுமுறை,
மழைக்காலம் பாதி.
முடிப்பதற்குள் கேஸ் தீர்ந்துவிட்டது.
சிலிண்டர் தூக்க ஷமீமாவின் மகன் வந்தான்.
அட்டை எந்தச் சட்டைக்குள் போனதோ.

இன்று காலை ஏறினேன்.
எங்கள் எண் இருபத்தொன்பது.
வடக்கே உருக்காலையின் வாயில் கறுப்பு,
வாங்கிய கறுப்பு,
எங்கள் தெருப் பக்கமாய்ச் சாய்ந்துகொண்டிருந்தது.
கண்ணாடியைத் துடைத்தேன்.
பதிவேட்டில் தேதி, நேரம், அளவு, கையெழுத்து.
'குறிப்புகள்' என்று கடைசியில் ஒரு கட்டம்,
எப்போதும் காலியாகவே போகும்.
அதில் எழுதினேன்:

காற்று வடக்கிலிருந்து.
சட்டைக்கு நாலு ரூபாய்.